இருபத்துநான்கு பாகை

வெள்ளைக் கார் மறுபடியும் கராஜ் வாசலில் வந்து நின்றபோது, றிஸ்கானுக்கு வெட்கம் முதலில் வந்ததா சந்தோசம் முதலில் வந்ததா என்று அவனாலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஏசி பிழை என்று அந்தக் கார் வருவது இது மூன்றாவது தடவை. திருத்திக் கொடுத்த வாகனம் அதே பிழையோடு திரும்பி வந்தால் திருத்தியவனின் முகத்தில் கரி. ஆனால் அந்தக் காரை ஓட்டி வருகிறவள் றுமானா.

"டேய், ஒண்ட கார் வந்திரிக்கி. சேட்ட மாத்திட்டு வா," என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார் கராஜ் முதலாளி றாஸிக் காக்கா.

"என்ட காரா காக்கா?"

"பின்ன? மாசத்துக்கு ஒருக்கா ஒன்னத் தேடித்தானே வருது. நான் செஞ்ச கார் ஒண்டும் இப்பிடித் திரும்பி வாறல்ல."

றிஸ்கான் சட்டையை மாற்றவில்லை. முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு வந்தான்.

காரின் முன் ஆசனத்தில் றுமானாவின் உம்மா அஸீஸா முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார். அவருக்கு மூச்சு இழுக்கிற முட்டு வருத்தம். புதன்கிழமை தோறும் அம்பாறைக்குக் கிளினிக் போக வேண்டும். றுமானாவுக்கு அம்பாறையில் ஒரு கந்தோரில் காணி வரைபடம் கீறுகிற வேலை. உம்மாவைக் கிளினிக்கில் இறக்கிவிட்டு வேலைக்குப் போவாள். வாப்பா காலிதீன் அறுவடை என்று சாகாமத்து வயலோடு கிடக்கிறார். அதனால் கராஜுக்கும் உம்மாவும் மகளும்தான் வருவார்கள். தனியாக ஒரு பெண்பிள்ளை கராஜ் வாசலில் நின்றால், கல்முனையில் அவள் வீடு போய்ச் சேரும் முன்பே கதை போய்ச் சேர்ந்துவிடும்.

"அதே பிழைதான்," என்றாள் றுமானா. "இருபத்துநாலில வெச்சா மொதல்ல நல்லாக் குளிருது. சம்மாந்துறையத் தாண்டினா சூட்டுக் காத்து வருது."

"கண்ணாடியத் திறந்தா வெட்டுற மெசின்ட தூசி," என்றார் அஸீஸா. "திறக்காட்டி அவிஞ்சு சாகணும். ரெண்டுல ஒண்டுல நான் மவுத்தாப் போறதுக்கு முந்திக் கண்டுபுடி மனே."

றிஸ்கான் தன் கொப்பியை எடுத்தான். ஐந்து வருடமாக வேலை செய்கிறவன், ஏழு மாதமாக மாலை வகுப்பில் வாகன ஏசி படிக்கிறவன். வகுப்பில் தொடங்கிய பழக்கம், செய்கிற வேலை எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிவைப்பது. பிரேக் என்றால் பிரேக் பக்கம். மின் வயர் என்றால் அதற்கொரு பக்கம். ஏசி ஐம்பத்தெட்டாம் பக்கத்தில் தொடங்குகிறது. இந்தக் காரைப் பற்றி அங்கே ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தான்.

ஜூனில் கேஸ் கொஞ்சம் குறைவாக இருந்தது, நிரப்பினான். வைக்கோல் தூசியால் அடைத்துப்போன பில்டரை மாற்றினான். கராஜில் கால் மணித்தியாலம் ஓடவிட்டுப் பார்த்தான், பனிக்கட்டி மாதிரிக் குளிர்ந்தது. ஜூலையில் திரும்பி வந்தபோது, குளிர்க்காற்றோடு சூட்டுக்காற்றைக் கலக்கிற சின்னக் கதவின் மோட்டரைச் சந்தேகித்து வேறு மோட்டர் போட்டான். காருக்குள் எவ்வளவு சூடு என்று உணர்கிற சென்சரை, அதன் வயரில் மீற்றரை வைத்து அளந்தான். பிழையில்லை. ஸ்கேனர் பூட்டினான். கோளாறு ஒன்றும் இல்லை என்றது ஸ்கேனர்.

முதல் தடவையே, வகுப்பில் பவிதரன் சேர் சொல்லிக் கொடுத்த கேள்வியையும் கேட்டிருந்தான். சுகமாக ஓடின வாகனம் திடீரென்று கெட்டால், அதில் கடைசியாகக் கைவைத்தது யார் என்று கேள் என்பார் சேர்.

"கடைசியா இதுல ஆர் கைவெச்ச?" என்று கேட்டான்.

றுமானா கொஞ்சம் யோசித்தாள். "நீங்கதான். வேற ஆரையும் தொட விட்டதில்ல."

அந்தச் சொல்லை அவன் அன்று இரவு வரைக்கும் மனதுக்குள் வைத்துப் புரட்டிக்கொண்டே இருந்தான். வேறு ஆரையும் தொட விட்டதில்லை. கார் வாங்கிய புதிதில், மே மாதம், பின்பக்கக் கமரா பூட்ட வந்தபோதுதான் அவளை முதலில் கண்டது. வயர்களை ஒளித்துப் பூட்டுகிற அவன் கையைப் பார்த்து, "கோடு கீறின மாதிரி இரிக்கி," என்று சொன்னவள். வரைபடம் கீறுகிறவளின் வாயால் அப்படி ஒரு சொல். பிறகு இந்தச் சொல். கொப்பியில் அவன் எழுதியது: "வேறு ஒருவரும் கைவைக்கவில்லை."

ஜூலை வேலைக்குக் கீழே இன்னொரு வரியும் இருந்தது. அதை எழுதிய பிறகு இரண்டு தடவை வெட்டியிருந்தான், ஆனாலும் வாசிக்க முடிந்தது: "தெரியாமல் விடுகிறேனா, விருப்பமில்லாமல் விடுகிறேனா?" பிழை தீர்ந்தால் அந்தக் கார் ஏன் வர வேண்டும்? ஏசி சரியான காரோடு யார் கராஜுக்கு வருவார்கள்? அவனுக்கு அவனையே நம்ப முடியவில்லை. ஒரு நோயாளி மனிசி மூச்சுக்குத் தவிக்க, கெட்டிக்காரத்தனம் இல்லாததாலா தன் கை பிழை விடுகிறது, அல்லது கள்ள மனதாலா?

"நிப்பாட்டி வெச்சுப் பாத்தா இது புடிபடாது," என்றான் கொப்பியை மூடிக்கொண்டு. "ஓடக்குள்ளதான் பாக்கணும். புதன்கிழமை நீங்க அம்பாறைக்குப் போகக்குள்ள நானும் பின்னால ஏறி வரட்டா?"

கேட்டபிறகுதான் என்ன கேட்டோம் என்று அவனுக்கு விளங்கியது. காது இரண்டும் சுட்டன.

றுமானா உம்மாவைப் பார்த்தாள். உம்மா விசிறுவதை நிறுத்தினார்.

"வா மனே. ஓடி ஓடிப் புடிச்சாவது கண்டுபுடி," என்றார்.

உள்ளே றாஸிக் காக்கா ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டு இருமினார். அவருக்கு முட்டு வருத்தம் எதுவும் இல்லை.

புதன்கிழமை காலை பின் ஆசனத்தில் அவன் மடியில், சென்சர் சொல்கிற சூட்டைக் காட்டும் ஸ்கேனர் இருந்தது. வயர் முன்னால் ஸ்டியரிங்கின் கீழே போயிற்று. முன் ஆசனங்கள் இரண்டுக்கும் நடுவில் வகுப்பில் கொடுத்த வெப்பமானியை நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தான். றுமானா இருபத்துநான்கில் வைத்தாள். கார் காரைதீவுச் சந்தியால் மேற்கே திரும்பியதும் இரண்டு பக்கமும் வயல் வந்தது. மேற்கேயிருந்து வீசிய கச்சான் காற்றில் தூசியும் உமியும் பறந்தன.

"நீ ஆர்ர மகன் மனே?" என்று தொடங்கினார் அஸீஸா.

"வாப்பா ஒலுவில் துறைமுகத்துல போட்டுல போறவர். நாங்க சாய்ந்தமருது."

"எத்தின தங்கச்சிமார்?"

"ரெண்டு பேர்."

"ரெண்டு பேருக்கும் சீதனத்துக்கு ஊடு கட்டணுமே."

"ஒண்டுக்கு அத்திவாரம் போட்டிரிக்கம்."

"அப்ப நீ கலியாணம் கட்ட இன்னும் கனகாலம் கிடக்கு," என்றார் அவர், காலநிலை சொல்கிறவர் மாதிரி. றுமானா கியரை மாற்றி, தெருவையே பார்த்து ஓட்டினாள். கண்ணாடியில் அவள் புருவம் மட்டும் தெரிந்தது. றிஸ்கான் கண்ணை ஸ்கேனருக்கு இறக்கினான்.

காருக்குள் இருபத்தாறு என்றது ஸ்கேனர். வெப்பமானியும் இருபத்தாறு. அவன் எழுதினான். பத்து நிமிடத்தில் இரண்டும் இருபத்துநான்குக்கு வந்தன. அதையும் எழுதினான். இப்படியே இந்தத் தெரு முடியாமல் போய்க்கொண்டே இருந்தால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது. அதை எழுதவில்லை.

சம்மாந்துறை கழிந்தது. ஸ்கேனர் இருபத்திரண்டு என்றது. இருபது. பதினெட்டு. ஆனால் நூலில் ஆடிக்கொண்டிருந்த வெப்பமானி இருபத்தேழுக்கு ஏறி, இருபத்தொன்பதைத் தொட்டது. அஸீஸா முந்தானையை எடுத்து விசிறத் தொடங்கினார்.

"தொடங்கிட்டு," என்றாள் றுமானா.

றிஸ்கான் இரண்டு எண்களையும் மாறி மாறிப் பார்த்தான். உள்ளே ஆட்கள் வேர்க்கிறார்கள். கார் அவர்கள் குளிரில் நடுங்குவதாக நினைக்கிறது. அதனால் இரக்கப்பட்டுச் சூட்டுக்காற்றைக் கலக்கிறது. சென்சர் நல்லது, மோட்டர் நல்லது. ஆனால் சென்சருக்கு ஆசனத்துக் காற்று போய்ச் சேரவில்லை. வேறெங்கோ இருக்கிற குளிரை அது அளக்கிறது.

"கொஞ்சம் ஓரமா நிப்பாட்டுங்க."

வாய்க்கால் ஓரம் நின்ற ஒரு மருத மரத்தின் நிழலில் அவள் நிறுத்தினாள். உம்மாவும் மகளும் இறங்கி நிழலில் நின்றார்கள். றிஸ்கான் முழங்காலில் நின்று ஸ்டியரிங்கின் கீழ் மூடியைக் கழற்றி, போன் வெளிச்சத்தைப் பிடித்தான்.

ஆசனப் பக்கத்துக் காற்றை உறிஞ்சிச் சென்சருக்கு இழுத்துக் கொடுக்கிற, விரலளவு கறுப்புக் குழாய் ஒன்று இருக்க வேண்டும். இருந்தது. கழன்று, குளிர்க்காற்றுப் பெட்டியோடு சாய்ந்து கிடந்தது. ஓடத் தொடங்கி இருபது நிமிடத்தில் அந்தப் பெட்டி குளிர்ந்துவிடும். அந்தக் குளிரைத்தான் சென்சர் இத்தனை நாளும் காருக்குள் இருக்கிற குளிர் என்று நம்பியிருக்கிறது.

யார் கழற்றினார்கள் என்று அவன் யோசிக்கவே தேவை இருக்கவில்லை. குழாய் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வயர் போயிற்று. பின்பக்கக் கமராவின் வயர். கோடு கீறின மாதிரி நேராக, நீல டேப் சுற்றி. டேப்பின் நுனி உள்ளே மடித்திருந்தது, பிறகு கழற்றுகிறவனுக்கு நகம் படத் தோதாக. கல்முனையில் அப்படி நுனி மடிக்கிறவன் ஒருத்தன்தான்.

நீங்கதான். வேற ஆரையும் தொட விட்டதில்ல.

அவள் அன்றைக்கே விடையைச் சொல்லியிருக்கிறாள். இவன் அதைத் தலையணைக்குள் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறான். கமரா வேலை கொப்பியில் முப்பத்தோராம் பக்கத்தில் கிடக்கிறது, ஏசி ஐம்பத்தெட்டில். ஒரே கார். இரண்டு பக்கங்களையும் அவன் ஒரு நாளும் சேர்த்து வாசிக்கவில்லை.

குழாயைப் பொருத்தினான். அதைப் பிடித்துக் கட்ட வேண்டும். சட்டைப் பையில் நீல டேப் இருந்தது. டேப் சூட்டில் இளகும். ஒரு மாதம், கூடினால் ஒன்றரை மாதம். பிறகு வெள்ளைக் கார் திரும்பி வரும். ஒருவருக்கும் தெரியாது. அவன் கை டேப்பைத் தொட்டது, தொட்டபடியே கொஞ்ச நேரம் நின்றது. வெளியே அஸீஸா இருமினார். கைக்குள் பொத்தி இருமுகிற இருமல்.

றிஸ்கான் சாமான் பையின் அடியில் துழாவி பிளாஸ்டிக் கேபிள் டை எடுத்து, குழாயை இறுக்கிக் கட்டினான். ஒன்றே போதும். அதன் மேல் இன்னொன்றும் போட்டான். அது காருக்காக அல்ல.

மூடியைப் பூட்டிவிட்டு வெளியே வந்தான். "கண்டுபுடிச்சிட்டன்," என்றான். தெருவில் ஒரு லொறி போகும்வரை பொறுத்தான். "பிழை காருல இல்ல. மே மாசம் கமரா பூட்டக்குள்ள ஒரு குழாய நான்தான் கழட்டி விட்டிரிக்கன். பாக்காம மூடிட்டன். கேஸும் மோட்டரும் ஒண்டும் மாத்தியிரிக்கத் தேவல்ல. எல்லாம் என்ட பிழை."

அஸீஸா அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்ப மூணு மாசமா நான் இருமினது ஒண்ட கையாலயா?"

"ஓம் உம்மா."

"நீயே ஒடச்சு நீயே திருத்த வந்தியா? நல்ல யாவாரம் மனே," என்றார். ஆனால் பின் கதவைத் திறந்துவிட்டது அவர்தான். "ஏறு, வெயில்ல நிண்டு என்ன செய்யப் போறாய்."

றுமானா காரைக் கிளப்பினாள். அம்பாறை போகும் வரைக்கும் ஸ்கேனரும் வெப்பமானியும் இருபத்துநான்கில் நின்றன. அவன் ஒவ்வொரு ஐந்து நிமிடமும் எழுதினான்: 24, 24. 24, 24. வாழ்க்கையில் எழுதியதிலேயே அழகான வரிசை அது. எழுத எழுத நெஞ்சு கனத்தது. அஸீஸா கண்ணை மூடித் தூங்கினார். பல புதன்கிழமைகளுக்குப் பிறகு அந்தத் தெருவில் அவர் தூங்கியது அன்றைக்குத்தான் என்று றுமானா மெதுவாகச் சொன்னாள். யாருக்குச் சொன்னாள் என்று தெரியவில்லை.

கிளினிக் வாசலில் அவன் இறங்கினான். பஸ்ஸில் திரும்பிப் போவதாகச் சொன்னான். அவள் கண்ணாடியை இறக்கினாள்.

"இனி கராஜுக்கு வரத் தேவல்லதானே?"

அவன் வாயில் ஆயிரம் பதில் இருந்தது. பில்டர் இருந்தது, கேஸ் இருந்தது, ஒரு மாதம் கழித்து ஒருக்கா பார்த்துக்கொள்வோம் என்பதும் இருந்தது.

"இல்ல," என்றான். "தேவல்ல."

அன்று மாலை வகுப்பு முடிந்து வந்து புதுக் கொப்பி ஒன்றைத் திறந்தான். இனிமேல் பிழைக்கு ஒரு பக்கம் அல்ல, வாகனத்துக்கு ஒரு பக்கம். முதல் பக்கத்தின் தலைப்பில் வெள்ளைக் காரின் இலக்கத்தை எழுதினான். பழைய கொப்பியிலிருந்து மே, ஜூன், ஜூலை, ஓகஸ்ட் எல்லாவற்றையும் பார்த்து ஒழுங்காக இறக்கினான். கடைசி வரிக்குக் கீழே முக்கால் பக்கம் வெறுமையாகக் கிடந்தது.

கார் வரவில்லை. ஒரு புதன்கிழமை போயிற்று. வெள்ளைக் கார் எது வந்தாலும் றாஸிக் காக்கா முதலில் அவன் முகத்தைத்தான் பார்ப்பார். ஆனால் இப்போது பகிடி பண்ணுவதில்லை. அதுவே அவனுக்கு வலித்தது. இரண்டாவது புதன்கிழமையும் போயிற்று. போனில் அவளுடைய இலக்கம் கராஜ் வேலைக்காக வாங்கிய இலக்கம். வேலை இல்லாமல் அதைத் தொட அவனுக்கு உரிமை கிடையாது.

மூன்றாவது புதன்கிழமை பகல் போன் அதிர்ந்தது. றுமானாவின் இலக்கத்திலிருந்து ஒரு செய்தி.

"24ல உம்மாவுக்குக் குளிருதாம்."

அவன் கையைத் துடைத்தான். துடைத்த கையையே மறுபடி துடைத்தான். எழுதினான், அழித்தான். கடைசியில் அனுப்பியது: "26ல வெச்சுப் பாருங்க."

அன்று பதில் இல்லை. அடுத்த நாள் காலை வந்தது: "26உம் குளிருது எண்டு சொல்றா."

நேற்று புதன். உம்மா காரில் ஏறுவது கிளினிக்குக்குப் போகிற புதன்கிழமைதான். இன்று வியாழன் என்பதை அவன் கலண்டரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

"27," என்று அனுப்பினான்.

"சரி. நாளைக்குச் சொல்றன்."

புதுக் கொப்பியை எடுத்து, வெள்ளைக் காரின் பக்கத்தில், வெறுமையாகக் கிடந்த இடத்தில் தேதி போட்டு 27 என்று எழுதினான். பிறகு பேனையைப் பிடித்தபடி யோசித்தான். அந்தக் காரின் ஏசியில் முப்பத்திரண்டுக்கு மேல் எண் கிடையாது. நாளுக்கு ஒரு பாகை என்றால், இன்னும் ஐந்து நாள் இருக்கிறது.