வீட்டில் யாரும் இல்லை

மார்லிஸ் டோலிஃப்சனுக்கு அந்த வெள்ளைப் பெட்டியின் மேல் அப்படி ஒரு பெருமை. வீட்டு விளக்கு, கதவுப் பூட்டு, வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் எல்லாம் அந்தப் பெட்டியின் பேச்சைக் கேட்கும். பெட்டி அவள் பேச்சைக் கேட்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் வராததுமாக, அதை இணையத்தில் இருக்கும் ஒரு தானியங்கிச் சேவையோடு கோத்துவிட்டாள். இன்னது நடந்தால் இன்னதைச் செய் என்று ஒரு தடவை எழுதிவைத்தால் போதும், அந்தச் சேவை மறக்காமல் செய்துகொண்டே இருக்கும். புருஷன் கர்ட்டிடம் ஒரு வேலையை எத்தனை தடவை சொல்ல வேண்டியிருக்கிறது என்று பார்த்தால் இந்தப் பெருமை நியாயம்தான்.

வீட்டில் யாரும் இல்லையென்றால் ஃபர்னஸைத் தணி, விளக்கை அணை, கதவைப் பூட்டு. யாராவது திரும்பி வந்தால் பழையபடி ஏற்று. இதுதான் அவள் எழுதிவைத்தது. மினசோட்டாவின் ஜனவரியில் ஆளில்லாத வீட்டுக்குச் சூடு போடுவதைப்போல் வீண்செலவு வேறு கிடையாது. ஆள் இருப்பது அதற்கு எப்படித் தெரியும் என்றால், போனை வைத்துத்தான். போன் வீட்டில் இருந்தால் ஆளும் இருக்கிறார் என்று கணக்கு. இந்த வீட்டு ஆட்கள் யார் யார் என்று சேவை கேட்டது. மார்லிஸ் தன் போனைச் சேர்த்தாள், கர்ட்டின் போனைச் சேர்த்தாள், முடிந்தது என்று அழுத்தினாள்.

கீழே பேஸ்மென்ட்டில் கர்ட்டின் அண்ணன் ஆர்லன் மதியத் தூக்கத்தில் இருந்தார்.

வேண்டுமென்று விடவில்லை. அன்றைக்கு அவர் நினைப்பே அவளுக்கு வரவில்லை, அது சத்தியம். காகித ஆலையை மூடியதில் ஆர்லனுக்கு வேலை போயிற்று; கொஞ்ச நாளில் மனைவியும் விட்டுப் போனாள். நவம்பரில் ஒரு துணிப்பையோடு வந்து, ரெண்டு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்றவர், இன்னும் இருந்தார். அவரிடம் ஒரு பழைய மடக்குப் போன் உண்டு. அது எப்போதும் அவருடைய பிக்கப் வண்டியில் கிடக்கும்.

மறுநாள் தான் வேலை பார்க்கும் பல் மருத்துவமனையின் வரவேற்பு மேஜையில் இருந்தபடி மார்லிஸ் தன் போனைப் பார்த்தாள். வீட்டில் யாரும் இல்லை என்று ஒரு வரி. அதற்குக் கீழேயே, பேஸ்மென்ட்டில் அசைவு தெரிகிறது என்று இன்னொரு வரி. திருடனோ என்று நெஞ்சு திக்கென்றது. அப்புறம்தான் புரிந்தது. அட கடவுளே, மனுஷன் இருட்டில் நடுங்கிக்கொண்டு இருப்பாரே என்று உடனே சரிசெய்யப் போனாள். அதற்குள் வீங்கிய கன்னத்தோடு ஒரு நோயாளி எதிரே வந்து நின்றார்.

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனபோது, கர்ட் முன்பே வந்திருந்ததால் வீடு சூடாக, வெளிச்சமாக இருந்தது. சமையலறைத் தொட்டி முழுக்க மீன் செதில். ஆர்லன் ஏரியில் பிடித்த மீனை அங்கேதான் சுத்தம் செய்திருக்கிறார். அவர் வந்ததிலிருந்து அவளுடைய தையல் மெஷின் மாடிப்படிக்கு அடியில் கிடக்கிறது. குளியலறையில் அவர் பூட்ஸ், வரவேற்பறையில் அவர் இருமல். ஆனால் அந்தப் பக்கத்து ஆட்கள் எதையும் நேராகச் சொல்ல மாட்டார்கள். விருந்தாளி கிளம்ப வேண்டுமென்றால் வீட்டுக்காரர்கள் தங்கள் தொடையைத் தட்டி, சரி அப்புறம் என்று பெருமூச்சு விடுவார்கள். விருந்தாளி கோட்டைத் தேடுவார். அவ்வளவுதான் அங்கே சண்டை. மார்லிஸ் செதிலைத் தேய்த்துக் கழுவினாள். போனை எடுத்தாள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று கவிழ்த்து வைத்தாள்.

நாளைக்கும் பார்க்கவில்லை. அந்த இரண்டு வரிகளும் தினமும் வந்தன. பார்க்கப் பார்க்க உறுத்தியதால், அவை வராதபடி நிறுத்திவைத்தாள். சரிசெய்ய ஆகும் நேரம்தான் அதற்கும் ஆயிற்று. குளிர்ந்தால் வந்து சொல்லட்டுமே, வாயில் கொழுக்கட்டையா வைத்திருக்கிறார், சொன்ன நிமிஷமே செய்துவிட்டுப் போகிறேன் என்று தனக்குத்தானே நியாயம் பேசிக்கொண்டாள்.

ஒருநாள் இரவுச் சாப்பாட்டில், கீழே சௌகரியமாக இருக்கிறதா என்று அவளே கேட்டாள். கேட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல் உருளைக்கிழங்கைப் பரிமாறினாள்.

"ஒரு குறையுமில்ல மார்லிஸ்," என்றார் ஆர்லன். "இதவிட மோசமா எத்தனையோ இருக்கு."

இரண்டாவது தடவை பரிமாறப் போனபோது தட்டைக் கையால் மறைத்துக்கொண்டார். மறு வாரத்திலிருந்து விடிந்ததும் விடியாததுமாக ஏரிக்குப் போக ஆரம்பித்தார். உறைந்த ஏரியின் மேல் அவருக்கு ஒரு மீன்பிடிக் குடிசை இருந்தது; சறுக்குக் கட்டையில் நிற்கும் மரப்பெட்டி, உள்ளே ஒரு கேஸ் அடுப்பு. மீன் பைத்தியம் முற்றிவிட்டது என்று கர்ட் சிரித்தான்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை, துணி துவைக்கக் கீழே இறங்கிய மார்லிஸ் அவர் கட்டிலைப் பார்த்தாள். போர்வைகள் மடித்து அடுக்கியிருந்தன. துணிப்பை இல்லை. ஏரிக்கரைத் தூண்டில் கடைக்காரருக்கு போன் போட்டபோது, ஆர்லன் நேற்றிலிருந்து குடிசையிலேயே தங்கிவிட்டதாகச் சொன்னார்.

கர்ட்டின் முகம் வெளுத்துவிட்டது. போன குளிர்காலத்தில் அப்படி ஒரு குடிசையில் கேஸ் அடுப்பை எரியவிட்டுத் தூங்கிய ஆள் விஷவாயு ஏறி எழுந்திருக்கவே இல்லை. அன்று சாயங்காலம் பனிப்புயல் வேறு வரப்போகிறது. கர்ட் மாவட்டத்தின் பனி அகற்றும் லாரியை ஓட்டுபவன். அவனுக்கு அழைப்பு வந்துவிட்டது.

"நீ ஏதாவது சொன்னியா அவன?" என்று கேட்டான்.

"நான் ஒரு வார்த்த சொல்லல," என்றாள் மார்லிஸ். அது பொய்யில்லை.

"நீ போய்க் கூப்பிடு. நான் கூப்பிட்டா வீம்புக்கு வரமாட்டான். எனக்கு இருக்கிறது ஒரே அண்ணன், மார்லிஸ்."

ஏரியின் மேல் காரை ஓட்டிக்கொண்டு போகும்போது அவளுக்கு அழுகை முட்டியது. அந்த மனுஷனுக்கு ஏதாவது ஆகியிருந்தால் கர்ட்டின் முகத்தில் எப்படி விழிப்பேன் என்ற ஒரே எண்ணம். குடிசைக் கதவைத் தட்டியதும் உள்ளே இருமல் கேட்டது. அந்த இருமலைக் கேட்டு அவள் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

ஆர்லன் அவளைக் கவிழ்த்த வாளிமேல் உட்காரவைத்து காபி வேண்டுமா என்றார். அவள் இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லி, மூன்றாம் தடவை வாங்கிக்கொண்டாள். கொஞ்ச நேரம் இருவரும் பனிக்கட்டியில் வெட்டிய துளையைப் பார்த்துக்கொண்டு புயலைப் பற்றிப் பேசினார்கள். பிறகு அவள் விஷயத்துக்கு வந்தாள். பெட்டி, சேவை, போன், போன் இல்லாதவரை ஆளாகவே எடுத்துக்கொள்ளாத கணக்கு எல்லாவற்றையும் சொன்னாள்.

அவர் தூண்டிலைக் கீழே வைத்தார்.

"அப்ப அது மெஷினா?"

"மெஷின்தான் ஆர்லன்."

"நீங்க ரெண்டு பேரும் கெளம்பினதும் லைட் போயிடும். வீடு சில்லுன்னு ஆயிடும். நீ கார்ல உள்ள திரும்புறப்ப எல்லாம் வந்துடும். போன மாசம் ஒருநாள் உங்க கார் போக வழி வேணுமேன்னு வாசல்ல பனி தள்ளிட்டு இருந்தேன். நீ தெருமுனைகூடத் திரும்பல, அதுக்குள்ள எனக்குப் பின்னால கதவு பூட்டிக்கிச்சு. சாவி, கோட்டு எல்லாம் உள்ள. பெட்ரோல் பங்க் வரைக்கும் சட்டையோட நடந்தேன்."

இது மார்லிஸுக்குத் தெரியாது.

"ஏன் ஆர்லன் சொல்லல? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"என்னத்த சொல்ல? தொடையத் தட்டுறதுக்குப் பதிலா இப்படின்னு நினைச்சுக்கிட்டேன்." அவர் சிரிக்கப் பார்த்தார். "உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

சந்தேகத்தில் கேட்கவில்லை. பேச்சுவாக்கில் கேட்டார். பதில் அவள் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் இவர் வரமாட்டார், கர்ட்டுக்கும் தெரிந்துபோகும்.

"இன்னிக்குக் காலையிலதான்."

ஆர்லன் தலையிலிருந்த கம்பளித் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். முடி கலைந்து, சட்டென்று வயசாகித் தெரிந்தார்.

"நான் உன்னைத் தப்பா நினைச்சுட்டேன்மா. கர்ட் பொண்டாட்டி நாசூக்கா என்னை வெளிய தள்ளுறான்னு நினைச்சேன். தினம் நீ சமைச்சுப் போட்டதைத் தின்னுட்டு, கீழ போயி உன்னைத் திட்டியிருக்கேன்." குரல் கம்மியது. "நான் பண்ணது பெரிய பாவம். என்னை மன்னிச்சுக்கணும் நீ."

அவர் கண்ணில் நீர் நின்றது. இப்போதாவது சொல்லிவிடு என்று மார்லிஸின் மனசு அடித்துக்கொண்டது.

"பரவாயில்ல ஆர்லன், விடுங்க," என்று அவள் அவரை மன்னித்தாள்.