இருபத்தாறு சங்கிலி

அர்த்தனாரி சர்வே உத்தியோகத்தில் முப்பத்தொரு வருஷம் இருந்தார். சேலம், தர்மபுரி, ஓசூர் என்று எத்தனையோ ஊர்களை அளந்தார். ஓய்வு பெற்றுத் திருச்செங்கோட்டில் வந்து உட்கார்ந்த பிறகு எந்த ஊரில் எந்தக் கல்லை நட்டோம் என்பதெல்லாம் மெல்ல மறந்துபோயிற்று. கொல்லிமலையில் கழித்த ஒரு ஐப்பசி மாதம் மட்டும் மறக்கவில்லை. நனைந்த கூடாரத் துணியின் வாடை, முத்தன் போட்டுத் தரும் வெல்லக் காப்பி, காலடியில் சொதசொதவென்று கிடந்த சருகு எல்லாம் நேற்று நடந்ததுபோல அப்படியே இருந்தன.

அது 1913. அப்போது அவனுக்கு இருபத்து மூன்று வயது, உத்தியோகத்தில் முதல் வருஷம்.

அரியூர் நாட்டுப் பக்கம் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை, மூட்டைகளைப் பள்ளத்தின் மேலாகவே எதிர்ச் சரிவுக்கு அனுப்ப ஒரு இரும்புக் கம்பி கட்ட நினைத்தார். எதிர்ச் சரிவு குண்டனி நாடு; மலையில் ஊர்த் தொகுதியை நாடு என்பார்கள். அங்கிருந்துதான் கீழே இறங்கும் நல்ல பாதை இருந்தது. நடந்து போவதென்றால் பள்ளத்தில் இறங்கி, ஆற்றைத் தாண்டி, மறுபடி ஏறி அரைநாள் ஆகும். மழைக்காலத்தில் ஆறு விட்டால்தான் அதுவும். இந்தக் கரைப் பாறையிலிருந்து அந்தக் கரைப் பாறைக்கு ஆகாயத்தில் நேராக எத்தனை அடி என்று தெரிந்தால் சென்னைக்கு எழுதிக் கம்பி வரவழைத்துவிடலாம்.

அளக்கப் போனவர் வேறொருவர். இரண்டு கரையிலும் நிலம் அளக்கும் சங்கிலி போட்டு, கோணம் பார்த்து, புத்தகத்தில் எல்லாவற்றையும் எழுதி முடித்த அன்று அவருக்கு மலைக்காய்ச்சல் கண்டது. அவரைக் கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினார்கள். அந்தக் கட்டில் இறங்கிய வழியாகவே அர்த்தனாரி மேலே ஏறினான்.

அவன் வந்த நாளிலிருந்து மூடுபனி. எட்டு நாளாக எதிர்க்கரை என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. கூடாரத்துக்கு இருபதடி தள்ளி நிற்கும் பலாமரம்கூடப் பாதிதான் தெரியும். துணைக்கு இருந்தவர் சங்கிலி இழுக்கும் முத்தன் ஒருவர்தான். அடிவாரத்து ஆள், பேச்சுக் குறைவு. மேலதிகாரியான ஓவர்சியரின் கூடாரம் இரண்டு மைல் தள்ளி, கீழ்ப்பாதை ஓரமாக இருந்தது. அங்கிருந்து ஒருநாள் சீட்டு வந்தது: 'தூரம் இன்று மாலைக்குள் வேண்டும். நாளை விடியற்காலைத் தபாலில் கம்பிக்கு எழுதுகிறேன்.'

கணக்கு பெரிய கணக்கில்லை. மேட்டில் ஒரு ஆரம்பக்கல் நட்டிருந்தார்கள். ஒவ்வொரு பாறையும் அந்தக் கல்லிலிருந்து கிழக்கிலோ மேற்கிலோ எத்தனை சங்கிலி, வடக்கிலோ தெற்கிலோ எத்தனை சங்கிலி என்று புத்தகத்தில் இருந்தது. சங்கிலி ஒன்றுக்கு அறுபத்தாறு அடி. கிழக்கு மேற்காக இரண்டு பாறைக்கும் உள்ள வித்தியாசம், வடக்கு தெற்காக உள்ள வித்தியாசம், இரண்டையும் தனித்தனியே வர்க்கம் எடுத்துக் கூட்டி, வந்த தொகைக்கு வர்க்கமூலம் கண்டால் நேர் தூரம்.

இந்தக் கரைப் பாறை பதினாலு கிழக்கு, பன்னிரண்டு வடக்கு. அந்தக் கரைப் பாறை பத்து மேற்கு, இரண்டு வடக்கு. அர்த்தனாரிக்கு அன்று தலைவலி. அரிக்கேன் விளக்கின் சிம்னி கரிபிடித்திருந்தது. பதினாலில் பத்தைக் கழித்தான், நாலு. பன்னிரண்டில் இரண்டைக் கழித்தான், பத்து. பதினாறும் நூறும் நூற்றுப் பதினாறு. மூலம் பதினொன்றுக்குச் சற்றுக் குறைவு. எழுநூற்றுப் பத்து அடி என்று சீட்டில் எழுதி முத்தனிடம் கொடுத்தனுப்பிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டு படுத்தான்.

மறுநாள் பொழுது விடிந்து கொஞ்ச நேரத்தில் கண்ணாயி விறகு கொண்டுவந்து போட்டாள். இந்தக் கரைப் பாறையை ஒட்டித்தான் அவள் வீடு. முப்பத்தைந்து வயதிருக்கும். மூன்று வருஷத்துக்கு முன்னால் வழுக்கி விழுந்து முழங்கால் உடைந்ததில் இடது காலைச் சாய்த்துத்தான் நடப்பாள். அன்று பனி சற்று விலகத் தொடங்கியிருந்தது. அர்த்தனாரி கையில் காப்பி டம்ளரோடு வெளியே வந்தான்.

"இன்னைக்காவது எதிர்க்கரை தெரியுமாம்மா?"

"தெரியாம எங்கீங்க சாமி போயிரும்? என்ற தங்கச்சி அத்தாயி ஊடு அங்கதானுங்க. காத்தால அவ உலக்கை போடறதப் பாத்துட்டுத்தான் நான் அடுப்பே பத்த வெப்பேன்."

"உலக்கைச் சத்தம் இங்க வரைக்கும் கேக்குமா?"

"கேக்குமுங்க. ஆனா குத்தும் சத்தமும் ஒண்ணா வராது. அவ ஒரு குத்துக் குத்துனா, அந்தச் சத்தம் அடுத்த குத்துக்குத்தான் இங்க வந்து சேரும். அவ குத்தி முடிச்சு உலக்கையச் சாத்தி வெச்சப்பறமும் ஒரு குத்துப் பாக்கி வருமுங்க. கையில உலக்கையே இருக்காது, சத்தம் மட்டும் வரும். அது எனக்குப் போட்ட குத்துன்னு நெனச்சுக்குவேன்."

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். அர்த்தனாரியும் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

ஒலி ஒரு வினாடிக்கு ஆயிரத்து நூறு அடி போகும் என்று அவன் பரீட்சைக்குப் படித்திருந்தான். எழுநூறு அடிக்கு முக்கால் வினாடிகூட ஆகாது. அதற்குள் ஒரு பெண் உலக்கையைத் தூக்கி மறுபடி போட்டுவிட முடியுமா?

"பாறைக்குப் போலாம் வாங்க," என்றான். டம்ளரைக் கீழே வைத்தானா, கையோடு எடுத்துப் போனானா என்பதுகூட அவனுக்கு நினைவில்லை.

பாறையில் நின்றபோது பனி கிழிந்து எதிர்க்கரை தெரிந்தது. அது பக்கத்தில் இல்லை. ஓலைக் கூரையும் வாசலில் ஒரு உருவமும் சுண்டுவிரல் நகத்தளவில் தெரிந்தன. அந்த உருவத்தின் கை ஏறி இறங்கியது. உலக்கை கீழே விழுந்தபோது ஒரு சத்தமும் இல்லை. மறுபடி விழுந்தபோதுதான் 'தொம்' என்றது. அர்த்தனாரி கைக்கடியாரம் இல்லாத காலத்து ஆள்; சட்டைப்பையிலிருந்த கடியாரத்தை எடுத்து எண்ணினான். அரை நிமிஷத்தில் இருபது குத்து. ஒரு குத்துக்கு ஒன்றரை வினாடி. ஒன்றரை வினாடியில் ஒலி ஆயிரத்து அறுநூற்றைம்பது அடி வந்துவிடும். இருபத்தைந்து சங்கிலி.

அத்தாயி உலக்கையைச் சுவரில் சாத்தினாள். கண்ணாயி சொன்ன அந்தக் கடைசிக் குத்து பள்ளத்தைத் தாண்டி வந்தது.

கூடாரத்துக்கு ஓடினான். இந்தத் தடவை கணக்குப் போடவில்லை, கட்டம் போட்ட தாளை எடுத்தான். நடுவில் ஆரம்பக்கல்லைக் குறித்தான். வலப்பக்கம் பதினாலு கட்டம் நகர்ந்து பன்னிரண்டு ஏறி ஒரு புள்ளி. புத்தகத்தைப் பார்த்தான். பத்து, மேற்கு. இடப்பக்கம் பத்துக் கட்டம் போய் இரண்டு ஏறி இன்னொரு புள்ளி. கல் நடுவில் நிற்க, பாறைகள் ஆளுக்கொரு பக்கம். கழிக்க எதுவுமில்லை, கூட்டத்தான் வேண்டும். பதினாலும் பத்தும் இருபத்து நாலு. ஐநூற்று எழுபத்தாறும் நூறும் அறுநூற்று எழுபத்தாறு. மூலம் மிச்சமில்லாமல் இருபத்தாறு. ஆயிரத்து எழுநூற்றுப் பதினாறு அடி.

ஆயிரம் அடி குறைவாகக் கம்பி வந்து இறங்கியிருக்கும்.

"முத்தண்ணா! தபால்காரர் போயிருப்பாரா?"

"விடியறப்பவே போயிருப்பானுங்க. குறுக்கே எறங்குனா ஊத்துக்கிட்ட புடிச்சுரலாம். அங்க உக்காந்து கூழு குடிப்பான்."

முத்தன் முன்னால் இறங்க அர்த்தனாரி பின்னால் உருண்டான் என்றுதான் சொல்ல வேண்டும். முள் கிழித்த தழும்பு ஒன்று கடைசிவரை அவர் முழங்கையில் இருந்தது. ஊற்றருகே தபால்காரர் சின்னான் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்துகொண்டிருந்தார்.

"அந்தக் காயிதத்தைக் குடுங்க. தப்பாயிருக்குது."

"அதெப்படீங்க? ஓவர்சியர் கையால குடுத்தது. திருப்பிக் குடுக்கறதுன்னாலும் அவரு கையிலதான் குடுப்பேன்."

எவ்வளவு கெஞ்சியும் சின்னான் பையை அவிழ்க்கவில்லை. ஆனால் மறுபேச்சில்லாமல் திரும்பி அவர்களோடு மேலே ஏறினார். அந்த ஏற்றம் முழுக்க அர்த்தனாரி ஓவர்சியரிடம் என்ன சொல்வதென்று யோசித்தான். வேலை போய்விடும், அப்பா முகத்தில் விழிக்க முடியாது என்றெல்லாம் மனசு ஓடியது.

ஓவர்சியர் முகம் மழித்துக்கொண்டிருந்தார். பாதி முகத்தில் நுரையோடு தாளை வாங்கிப் பார்த்தார். சின்னானிடமிருந்து கடிதத்தை வாங்கி இரண்டாகக் கிழித்தார்.

"யார் கண்டுபிடிச்சது?"

"விறகு போடற கண்ணாயிங்கய்யா. உலக்கைச் சத்தத்தை வெச்சு."

ஓவர்சியர் மறுபடி கண்ணாடியைப் பார்த்துக் கத்தியை எடுத்தார். "புள்ளி ரெண்டையும் மொதல்ல தாள்ல வெச்சுப் பாரு, அப்புறம் கணக்குப் போடு. நாளைக்கு எதிர்க்கரைக்குப் போ. அங்கிருந்தும் ஒருதரம் அளந்து பாத்துட்டு வா. கம்பிக்கு அதுக்கப்புறம் எழுதறேன்." அவ்வளவுதான். அந்த மனிதர்மேல் அர்த்தனாரிக்குக் கடைசிவரை ஒரு வாஞ்சை இருந்தது.

இந்தக் கரையில் கொடி பிடித்து நிற்கக் கண்ணாயியே வந்தாள். எதிர்க்கரைக்குப் போகிறோம், தங்கச்சிக்கு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று அர்த்தனாரி கேட்டான்.

"என்ன சொல்றதுங்க. கால் இப்படி ஆனதுல இருந்து எனக்கு எறங்கி ஏற முடியல. அவ ஊட்டுல மாமனாரு படுத்த படுக்கை, கைக்கொழந்தை வேற. மூணு வருசமாச்சு. கூப்பிட்டா சத்தம்தான் போகும், பேச்சுப் போகாது." கொடிக்கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். "நான் நிக்கறேன்னு மட்டும் சொல்லுங்க."

தொலைநோக்கி வைத்த கோணம் பார்க்கும் கருவியை முத்தன் முதுகில் கட்டிக்கொண்டார். பள்ளத்தில் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் ஆற்றைத் தாண்டி ஏறி முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. மறுநாள் காலையில் அத்தாயி வீட்டுப் பாறையில் கருவியை முக்காலிமேல் நிறுத்தி, சங்கிலியால் அளந்து போட்ட ஒரு கோட்டின் இரண்டு முனையிலிருந்தும் கண்ணாயியின் கொடிக்குக் கோணம் எடுத்தான். இருபத்தாறுக்கு ஒரு சாண் கூடவோ குறையவோ இல்லை என்கிற அளவுக்கு வந்தது. அத்தாயி இடுப்பில் குழந்தையோடு பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏனுங்க, அதுல பாத்தா அக்கா தெரியுவாளா?"

"பாருங்க. ஒரு கண்ணை மூடிக்குங்க."

அவள் குனிந்து கண்ணை வைத்தாள். சட்டென்று நிமிர்ந்து எதிர்க்கரையைப் பார்த்தாள். மறுபடி குனிந்தாள்.

"அய்யோ, தலைகீழா நிக்கறா!"

அந்தக் காலத்துக் கருவியில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். அர்த்தனாரி அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அத்தாயி குழந்தையை முத்தன் கையில் கொடுத்துவிட்டுக் கழுத்தை முடிந்தவரை சாய்த்துக்கொண்டு பார்த்தாள்.

"கொடியப் புடிச்சுட்டு நிக்கறா. நெத்திக்கு மேல நரைச்சுப் போச்சுங்க அக்காவுக்கு. இது எனக்குத் தெரியாதே. தெனமும் பாக்கறேன், ஆளுதான் தெரியும், முகம் தெரியாது." பிறகு குரல் மாறிற்று. "இளைச்சுட்டா. யார்கிட்டயோ பேசிச் சிரிக்கறா பாருங்க. பல்லு தெரியுது."

முத்தன் கையில் குழந்தை அழுதது. அவள் திரும்பவில்லை. அர்த்தனாரி ஒரு கல்லின்மேல் உட்கார்ந்துகொண்டான். வேலை முடிந்துவிட்டது, முக்காலியை மடிக்கச் சொல்ல வாய் வரவில்லை. வெகுநேரம் கழித்து நிமிர்ந்தவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் பாத்துட்டனுங்க சாமி. அவ பாக்க வேண்டாமுங்களா?"

முத்தன் அர்த்தனாரியைப் பார்த்தார். அர்த்தனாரி கருவியைப் பார்த்தான். திரும்பிப் போனதும் அதைப் பெட்டியில் வைத்து மறுநாளே கீழே அனுப்ப வேண்டும் என்பது உத்தரவு.

"நாளன்னைக்குக் காலையில பாறைக்கு வந்து நில்லுங்க," என்றான்.

அந்தக் காலை வெயில் பளிச்சென்று இருந்தது. கண்ணாயி பாறையில், கருவியின் முன்னால், உடைந்த காலை நீட்டி உட்கார்ந்து பார்த்தாள். எதிர்க்கரையில் அத்தாயி வெளுத்த சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றாள். இரண்டு கையாலும் குழந்தையைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினாள். அந்தக் குழந்தை பிறந்ததிலிருந்து கண்ணாயி அதைப் பார்த்ததில்லை.

"கால மேல வெச்சுட்டுத் தொங்கறாளே சாமி," என்று சொல்லிக் கண்ணாயி சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். "எங்கம்மா மூக்கு. அப்படியே எங்கம்மா மூக்குங்க."

மத்தியானம் வரை அவள் எழுந்திருக்கவில்லை. எதிர்க்கரையில் அத்தாயியும் வெயிலில் நின்றபடியே இருந்தாள். அன்றைய நாட்குறிப்பில் அர்த்தனாரி 'கருவி சரிபார்ப்பு, அரைநாள்' என்று எழுதினான். ஓவர்சியர் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

சித்திரை பிறந்து கம்பி வந்தபோது அர்த்தனாரி தர்மபுரிக்கு மாற்றலாகியிருந்தான். கம்பி சரியாக எட்டிற்று என்று முத்தன் யாரிடமோ எழுதச் சொல்லி ஒரு கார்டு போட்டிருந்தார். காப்பி மூட்டைக்கு முன்னால், கம்பி தாங்குகிறதா என்று பார்க்க ஒரு கூடையில் பலாப்பழம் வைத்து எதிர்க்கரைக்கு, அத்தாயி வீட்டுப் பாறைக்கு, இழுத்தார்களாம். யார் வீட்டுப் பழம் என்று அவர் எழுதவில்லை.