பத்துப் பேர் இறங்கிய ஜீப்பு

1

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: நான் கதை எழுத உட்காரவில்லை. போடியில் நான் பாடம் நடத்தும் பள்ளியின் ஆண்டுமலருக்கு 'சுற்றுச்சூழலைக் காக்கப் பத்து எளிய வழிகள்' என்று கட்டுரை கேட்டார்கள். துணிப்பை. குழாயை மூடுவது. மரக்கன்று. மூன்றோடு பேனா நின்றுவிட்டது. நான்காவதாக என் அண்ணன் மனைவி பொற்கொடியைப் பற்றி ஒரு வரி எழுதப் பார்த்தேன். அவள் ஒரு வரிக்குள் அடங்கவில்லை.

2

முதல் தொடக்கம்: 'போடிமெட்டை மேகங்கள் தழுவிக்கொண்டிருந்த அந்த இனிய காலையில்...'

அவளிடமே வாசித்துக் காட்டினேன்.

"மேகம் தழுவுறது இருக்கட்டும். அந்த நேரத்துல நாங்க ஜீப்புக்குள்ள நசுங்கிக் கெடப்போம். பாட்டிலப் பத்தி எழுதுடி."

சரி, மதினி.

3

பொற்கொடிக்கு நாற்பத்திரண்டு வயது. சிலமலையிலிருந்து தினமும் ஜீப்பில் மலையேறி, மாநில எல்லைக்கு அப்பால் ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் காய் எடுக்கிறாள். அங்கே பூச்சிமருந்து அடித்து முடிந்ததும் காலிப் பாட்டில்களை ஓடையில் வீசுவார்கள். அந்த ஓடைத் தண்ணீரைத்தான் பெண்கள் குடிப்பார்கள். போன ஆவணியில் அதைக் குடித்த கருப்பம்மாள், பொற்கொடியின் செடி நிரைக்குப் பக்கத்து நிரையில் நின்றவள், வாந்தியெடுத்து விழுந்தாள். (பிழைத்துக்கொண்டாள். உங்களைப் பதறவைத்து வாசிக்கவைக்க எனக்கு விருப்பமில்லை.)

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் பொற்கொடி கைகளில் பாலித்தீன் பையைச் சுற்றிக்கொண்டு, உரச்சாக்கோடு பாட்டில் பொறுக்க ஓடையில் இறங்கினாள். அவள் கண்களில் ஒரு நெருப்பு — (வேண்டாம். கண்ணில் வியர்வைதான் இருந்திருக்கும்.)

சூப்பர்வைசர் வினோத்குமார் வந்தான். "யக்கா, ஒங்களுக்குக் காய் எடுக்குறதுதான் சோலி."

"இது என் சாப்பாட்டு நேரம் தம்பி."

"மொதலாளி பார்த்தா என்னையத்தான் கேப்பாரு."

"அப்ப, ஓடையில போடாதீங்கன்னு நீயே சொல்லிரு."

அவன் சொல்லவில்லை. ஐந்தாம் நாள், நிறைந்த சாக்குகளைத் தோட்ட ஆபீஸ் வாசலில் வரிசையாக வைத்தாள். சாயங்காலமே உத்தரவு வந்தது: நாளையிலிருந்து ஜீப்பில் ஏறக்கூடாது.

4

இந்த இடத்தில் எனக்கு என் எழுத்தின்மேலேயே சந்தேகம் வந்தது. பயமே இல்லாதவளாக எழுதிவிட்டேனோ? கேட்டேன்.

"பயம் இல்லாமயா? பயந்துக்கிட்டேதான் போனேன்."

திருத்தி எழுதுகிறேன். விடிந்ததும் பயந்துகொண்டே ஜீப்பு நிற்கும் இடத்துக்குப் போனாள். ஏறாமல் ஓரமாக நின்றாள். மற்ற பதினோரு பெண்கள் ஏறி உட்கார்ந்தார்கள்.

"வெரசா ஏறு ஆத்தா" என்றார் டிரைவர் சுடலை.

"என்னைய வரக்கூடாதுன்னுட்டாங்கண்ணே. பாட்டில் பொறக்குனதுக்கு."

கருப்பம்மாள் தூக்குச்சட்டியோடு கீழே குதித்தாள். "அவ வராட்டி நானும் வரல. எனக்காகத்தான பொறக்குனா?"

ஒவ்வொருவராக இறங்கினார்கள். எல்லாரும் என்று எழுத ஆசைதான். ஆனால் பத்துப் பேர்தான். சுருளியம்மாள் இறங்கவில்லை, மகளுக்கு அது பேறுகால மாதம். அவளைக் கெட்டவளாக்கினால் கதை சூடேறும். மாட்டேன்.

சுடலை வண்டியை அணைத்துவிட்டுத் தோட்ட ஆபீசுக்குப் போன் போட்டார். தோட்டத்தில் காய் பழுத்து நின்றது. அரைமணி நேரத்தில் பதில் வந்தது: எல்லாரும் வரட்டும், பொற்கொடியும்தான். அந்த வாரமே ஓடைக்குத் தள்ளி, காலிப் பாட்டில்களைப் போட்டுப் பூட்டிவைக்க ஒரு தகரக் கொட்டகை எழுந்தது.

5

மலர்க்குழு கேட்கும் முடிவு: பொற்கொடிக்குச் சால்வை. எனக்குத் தோன்றிய முடிவு: கண்ணாடிபோல் தெளிந்த ஓடை. இரண்டும் பொய்.

ஓடை மேலேயிருந்து வருகிறது. மேலே வேறொரு தோட்டம். அவர்கள் இன்னும் வீசுகிறார்கள். போன வியாழன் பொற்கொடியும் கருப்பம்மாளும் அந்தத் தோட்டத்து கேட்டுக்குப் போனார்கள்.

"ஆரக் கேட்டு வந்தீங்க?" என்றான் காவல்காரன்.

"ஆரையும் கேக்கல. ஒங்க பாட்டில் எங்க தண்ணியில வருது. கேட்டத் தொறங்க."

திறந்தார்களா என்பது எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். திறந்தது என்றால் நிம்மதியாகப் பக்கத்தைப் புரட்டுவீர்கள். திறக்கவில்லை என்றால் ஒரு 'ச்சே' சொல்லிவிட்டுப் புரட்டுவீர்கள். இரண்டுக்கும் நான் இடம் தரப்போவதில்லை.

இரண்டு பெண்கள் அந்த கேட்டுக்கு முன்னால் நிற்கிறார்கள். பக்கத்தில் இன்னொரு ஆள் நிற்க இடமிருக்கிறது.