புளியமரத்துப் பாப்பா

முசரவாக்கம் ஏரிக்கரைக்குக் கீழே ஒரு தோப்பில் பள்ளிக்கூடம் திறந்தார்கள். சுவர் கிடையாது, பெஞ்சு கிடையாது, மணி கிடையாது. எதுவெல்லாம் கிடையாது என்று வண்ணத்தில் நோட்டீஸ் அடித்து ஊர் முழுக்கக் கொடுத்தார்கள். இவை இல்லாத பள்ளிக்கூடங்களை எங்கள் பக்கம் முன்பே பார்த்திருக்கிறோம். அவற்றுக்காகக் கலெக்டரிடம் மனுக் கொடுப்போம். இது வேறு சங்கதி, இங்கே வேண்டுமென்றே இல்லை.

நடத்தியவர் பிரேம்நாத். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையை உதறிவிட்டு வந்தவர். கதர் ஜிப்பா, செருப்பில்லாத கால். பேசுவதற்கு முன் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொள்வார். "நாங்க டீச்சர்ஸ் இல்ல. குழந்தைங்களோட கூட நடக்கிறவங்க" என்பார். பட்டுக்கடை வீட்டுப் பிள்ளைகளும் டாக்டர் வீட்டுப் பிள்ளைகளும் காரில் வந்து இறங்கி, சேற்றில் புரண்டு, காரில் திரும்பிப் போவார்கள். சீட்டில் விரிப்பதற்கு டிரைவர் பிளாஸ்டிக் ஷீட் வைத்திருப்பார். தாய்மார்கள் முறை வைத்துக்கொண்டு நாளைக்கு ஒருவராக வந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் சோறு போட வேண்டும், மூக்குத் துடைக்க வேண்டும். அதற்கு 'ஊர் கூடி வளர்ப்போம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். எங்கள் தெருவில் பெயர் வைக்காமலே அது நடக்கிறது.

நான் பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிறவன். என் பெண்ணுக்கு அந்தத் தோப்பில் என்ன வேலை என்று கேட்பீர்கள். பொன்னி வீட்டுக்குள் வாயாடி, வாசற்படியைத் தாண்டினால் ஊமை. பேச வராது என்பதில்லை, பேச மாட்டாள். சேர்த்த பள்ளிக்கூடமெல்லாம் "வேற எடம் பாருங்க" என்று திருப்பி அனுப்பியது. சென்னையில் ஒரு டாக்டரம்மாதான் பொறுமையாகப் பார்த்துச் சொன்னார். "பயம்தாம்பா. பேசு பேசுன்னு யாரும் சொல்லாதீங்க. அவ வாயையே பார்த்துக்கினு நிக்காதீங்க. வெளியில நாலு குழந்தைங்களோட விடுங்க, தானா வரும்." பிரேம்நாத்துக்கோ நோட்டீசில் போட ஒரு நெசவாளர் வீட்டுக் குழந்தை தேவைப்பட்டது. இலவசமாகவே சேர்த்துக்கொண்டார். சேறு அப்பிய முகத்தோடு பொன்னியின் படம் வந்தது, கீழே 'மண்ணின் மகள்' என்று போட்டிருந்தது. அவள் பிறந்தது ஒரு நர்சிங்ஹோமின் மேல்மாடியில்.

போன புதிதில் அங்கேயும் வாய் திறக்கவில்லை. ஒரு நாள் பிரேம்நாத் எல்லாப் பிள்ளைகளையும் வட்டமாக உட்காரவைத்து, "ஆளுக்கொரு ஃபிரெண்டை இந்தத் தோப்புலயே தேடிக்கோங்க. தினம் அதைப் பார்த்துக்கணும்" என்று சொல்லியிருக்கிறார். ஒருவன் அணிலைத் தேர்ந்தெடுத்தான். அணில் அவனைத் தேர்ந்தெடுக்கவில்லை. பட்டுக்கடை வீட்டுப் பையன் பெரிய மாமரத்தையே எடுத்துக்கொண்டு, அதில் வேறு யாரும் சாயக் கூடாது என்று சட்டம் போட்டான். பொன்னி புளியமரத்தடியில் கிடந்த ஒரு கல்லை எடுத்துக்கொண்டாள். இளநீர் அளவு இருக்கும். அதற்குப் பாப்பா என்று பெயர் வைத்தாள்.

தினமும் குளிப்பாட்டினாள், சோறு ஊட்டினாள், தூங்கவைத்தாள். கலர் சரியாக வராமல் நான் வெட்டிப் போட்டிருந்த அரக்குப் பட்டுத் துண்டு ஒன்று, ஜரிகைக் கரையோடு, வீட்டிலிருந்து காணாமல் போனது. என் மனைவி மஹாலட்சுமி தன் முறைக்குப் போன நாளில், பொன்னி பக்கத்திலிருந்த பெண்ணிடம் "தள்ளி ஒக்காரு, பாப்பா தூங்குது" என்று சொன்னதைக் காதால் கேட்டுவிட்டு வந்தாள். வந்து தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன். அன்று எனக்குப் பிரேம்நாத்தின் ஜிப்பாகூட அழகாகத் தெரிந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, எங்கள் வீட்டில் அவளுக்குச் செய்வதுபோல, பொன்னி பாப்பாவுக்குத் தலைக்கு ஊற்றி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்துவிட்டாள். அன்று காவேரியின் முறை. பட்டுக்கடை முதலாளியின் வீட்டம்மா. அவர் முறை என்றால் சமையல்காரம்மா சோறு போடுவாள், டிரைவர் படம் எடுப்பார், காவேரி படத்தில் இருப்பார். அப்படிப் படத்துக்கு நிழல் தேடிப் போனவர் கண்ணில் பட்டது புளியமரத்தடியும், மஞ்சள் பூசிய கல்லும், அரக்குப் பட்டும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும். செருப்பு தானாகக் கழலும், கை தானாகக் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். யார் வைத்தது என்று கேட்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை.

காவேரி கற்பூரம் ஏற்றினார். மறுநாள் முறைக்கு வந்த அம்மா எலுமிச்சை மாலை போட்டார். அடுத்தவர் உண்டியல் வைத்தார். ஒரு வாரம் முடிவதற்குள் சூலம் முளைத்திருந்தது. சூலம் மட்டும் எங்கள் பக்கத்தில் யாரும் கொண்டு வராமலே வந்துவிடும்.

நான் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனேன். காவேரியிடம் பணிவாகத்தான் சொன்னேன்.

"அம்மா, அது என் பொண்ணு வெச்சி வெளாடுற கல்லு. மஞ்ச அவ பூசுனது."

"கொழந்த கையால ஆத்தா பூசிக்கினா பாரு" என்றார் காவேரி. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"அந்தப் பட்டு நான் நெய்ஞ்ச துண்டும்மா. கலர் ஒதவலன்னு வெட்டிப் போட்டது."

"ஒன் தறியில இருந்துதான் வேணும்னு கேட்டு வாங்கிக்கினு இருக்கிறா. நீ குடுத்து வெச்சவம்பா."

இன்னும் இரண்டு உண்மை சொல்லியிருந்தால் என்னையே பூசாரி ஆக்கியிருப்பார்.

பிரேம்நாத்தாவது படித்தவர், அவருக்குப் புரியும் என்று நம்பிப் போனேன். அவர் கண்ணை மூடினார். வழக்கத்தைவிட நேரமானது. "அண்ணா, இது ஒரு ஆர்கானிக் ப்ராசஸ். கம்யூனிட்டியே தானா ஒண்ணை உருவாக்கிக்கினு இருக்குது. நடுவுல போய் நாம டிஸ்டர்ப் பண்ணக் கூடாது" என்றார். ஏற்கெனவே புதிதாகப் பிள்ளைகளைச் சேர்க்கக் கார்கள் வரிசையில் நின்றன. அடுத்த நோட்டீசில் 'இயற்கை, சமூகம், அருள்' என்று இருந்தது.

தோப்பின் சொந்தக்காரர் ராமலிங்கம் கடைசியாக வந்து சேர்ந்தார். போன உள்ளாட்சித் தேர்தலில் தோற்றவர், அடுத்ததற்குக் காத்திருப்பவர். "எங்க தாத்தா காலத்துலயே ராத்திரியில இங்க ஒரு வெளிச்சம் தெரியும்பாங்க" என்று கைகட்டிச் சொன்னார். அது கள் இறக்கியவர்களின் பீடி வெளிச்சம் என்று பக்கத்துக் கொல்லைக்காரர் என்னிடம் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார்.

பிறகு வேலை வேகமாக நடந்தது. சிமென்ட் மேடை, தகரக் கூரை, டைல்ஸ், கம்பி கேட், பூட்டு. குழந்தை அம்மன் என்று போர்டு. பிள்ளைகள் மழையில் நனைவது பாடமாக இருந்தது, கல் மட்டும் நனையக் கூடாது. சேற்றுக்காலோடு அந்தப் பக்கம் போகாதே, புளியமரத்தில் ஏறாதே, சத்தம் போடாதே என்று ஒவ்வொன்றாக வந்தது. சுவர் இல்லாத பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் நிற்க ஓர் ஓரம்தான் மிச்சமிருந்தது.

"அப்பா, பாப்பாவ உள்ள வெச்சிப் பூட்டிட்டாங்கப்பா. யாரு அதுக்குக் குளிப்பாட்டுவாங்க?" என்று பொன்னி கேட்டாள். பால் அபிஷேகம் நடக்கிறது என்று அவளிடம் எப்படிச் சொல்வது? அவளை நிறுத்திவிடலாம் என்றேன் மஹாலட்சுமியிடம். "இப்பதான் அந்தப் பசங்களோட ரெண்டு வார்த்த பேசுது. அதையும் கெடுக்கணுமா? கொஞ்சம் பொறு" என்றாள். அதுவும் நியாயமாகத்தான் இருந்தது.

ஆடி வெள்ளிக்கு அங்கே கூழ் ஊற்றினார்கள். முசரவாக்கம், திருப்புட்குழி, டவுன் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் சனம். முதன்முதலில் மஞ்சள் பூசிய குழந்தை என்று பொன்னிக்குப் பட்டுப் பாவாடை கட்டி, மாலை போட்டு, மேடைக்கு முன்னால் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டார்கள். நாங்கள் கூட்டத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம். ராமலிங்கம் மைக்கை அவள் வாய்க்கு நேராகப் பிடித்தார்.

"ஆத்தா என்ன சொல்றான்னு சொல்லு கண்ணு. பேசும்மா. எல்லாரும் ஒன் வாயைத்தான் பார்த்துக்கினு இருக்கிறாங்க."

டாக்டரம்மா எதையெல்லாம் செய்யாதே என்றாரோ அதையெல்லாம் அந்த ஆள் ஒரே மூச்சில் செய்தார். முழங்கையால் இடித்துக்கொண்டு முன்னால் போனேன். ஒரு பெரியம்மா "சாமி பேசுற நேரத்துல என்னாப்பா தள்ளுற" என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

ஸ்பீக்கரில் பொன்னியின் குரல் வந்தது. மெல்லிய குரல்தான், தோப்பு முழுக்கக் கேட்டது.

"அவளுக்குப் பசிக்குது. இவ்ளோ பேரு பார்த்துக்கினு இருந்தா சாப்பிட மாட்டா. பயமா இருக்குது அவளுக்கு."

பெண்கள் குலவை போட்டார்கள். காவேரி அழுதார். "பாருங்க, படையல் நேரத்துல தெரை போடாம வெச்சிட்டோம். ஆத்தாவே கேட்டுட்டா" என்று ராமலிங்கம் மைக்கில் சொன்னார். பட்டுக்கடையிலிருந்து காரில் திரை வந்தது, கரை வைத்த நல்ல பட்டு. பிரேம்நாத் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, கல்லுக்கு முன்னால் திரையை இழுத்துக் கட்டினார்கள். கல் நிம்மதியாகச் சாப்பிட்டது. பொன்னி திரைக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவளை மாலையோடு தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அன்றோடு பேச்சு நின்றது. இந்தத் தடவை வீட்டுக்குள்ளும் நின்றது. மஹாலட்சுமியிடம் இல்லை, என்னிடம் இல்லை. தட்டை எடுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் போய்ச் சாப்பிட்டாள். பிரேம்நாத் போன் செய்து, "பொன்னி வெள்ளிக்கிழமை மட்டுமாவது வரலாமே அண்ணா, எல்லாரும் கேக்கிறாங்க" என்றார். நான் சொன்ன பதிலை அச்சில் போட முடியாது.

அதன்பிறகு அவள், நான் காலைத் தொங்கவிட்டு மிதிக்கிற தறிக்குழிக்குள் இறங்கி, என் காலுக்குப் பக்கத்தில் சுருண்டுகொள்ளத் தொடங்கினாள். மேலே பாவு நூல் விரிந்திருப்பதால் அங்கே யார் கண்ணுக்கும் தெரியாது. மிதி படாமல் ஓரமாகக் காலை வைத்து நான் நெய்வேன். ஒரு நாள் காலையில் நெய்துகொண்டிருந்தபோது கீழேயிருந்து ஏதோ முணுமுணுப்பு. தறியை நிறுத்திக் காதைக் கொடுத்தேன். முணுமுணுப்பும் நின்றது. நாடாவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓட்டி மறுபடி நெய்தேன், மறுபடி வந்தது. தறிச் சத்தம் இருக்கும்வரைதான் பேசுகிறாள், யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில். என்ன பேசுகிறாள், எதோடு பேசுகிறாள் என்று எனக்குத் தெரியாது. குனிந்து பார்க்கவில்லை. அன்று மத்தியானச் சாப்பாட்டுக்கு மஹாலட்சுமி கூப்பிட்டபோது கையை ஆட்டி வேண்டாம் என்றேன். தோள் கழன்றுவிடும்போல் இருந்தது, நிறுத்த மனம் வரவில்லை.

சாயங்காலம் காவேரி பழத்தட்டோடு வாசலில் வந்து நின்றார். பின்னால் தெரியாத முகங்கள் சில.

"கொழந்த எதனா சொல்லுதாப்பா?" என்றார்.

"தறிச் சத்தத்துல ஒண்ணுமே கேக்கலம்மா" என்று கத்திச் சொல்லிவிட்டு, நாடாவை இன்னும் வேகமாக ஓட்டினேன்.