தன் பேரைப் போடத் தெரியாத கொந்தரப்புக்காரன்

1

இந்தக் கதை ஒரே ஒரு சொல்லிலிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கொட்டகலையில் பஸ்ஸுக்குள் ஒரு பெண் பக்கத்திலிருந்தவளிடம், "எங்க வீட்டுக்காரருக்கு நேத்து பேர் இல்ல" என்றாள். முன் இருக்கையிலிருந்த வெளியூர்க்காரர் திரும்பிப் பார்த்தார். நேற்று மட்டும் பெயரில்லாமல் போன மனிதன் யார் என்று அவர் முகம் கேட்டது.

தேயிலைத் தோட்டத்துக்காரர்களுக்கு விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பேர் என்றால் ஒரு நாள் வேலை. காலையில் ஆட்கள் கூடுகிற பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை பெயர் சொல்லிக் கூப்பிடுவார். ஆள் குரல் கொடுத்து, மலைக்குப் போய், வேலையை முடித்தால் ஒரு பேர். குறைத்துப் போட்டால் அரைப்பேர். போகாவிட்டால் பேரும் இல்லை, சம்பளமும் இல்லை.

பஸ்ஸில் வந்த பெண்ணின் புருஷனைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். பேனாவைத் திறந்ததும் வேறொருவன் வந்து நின்றான்.

2

மூடுபனி மலைச்சரிவில் மெல்ல மெல்ல

(அடித்துவிட்டேன். நம் பக்கத்துக் கதைகளில் பனி இறங்காமல் ஒருவனும் வேலைக்குக் கிளம்புவதில்லை.)

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து ஏழாம் ஆண்டு, பழனியாண்டி என்னும்

(இதுவும் வேண்டாம். ஆண்டைப் போட்டால் யாராவது சரிபார்க்க வந்துவிடுவார்கள். வெள்ளைக்காரன் கொடி இறங்கிப் பத்து வருஷம் இருக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

சரி, இப்படித் தொடங்குகிறேன். பழனியாண்டி வட்டவளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கல்கட்டு வேலையை ஒப்பந்தமாக எடுத்துச் செய்கிற கொந்தரப்புக்காரன். தோட்டத்து ஆட்களின் பேர் பதிகிற செக்ரோலில் அவன் இல்லை. முன்பு இருந்தான். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட ஒரு நாள் களத்துக்குப் பிந்தி வந்தான். மற்றவர்களோடு சாயந்தரம் வரை மண்வெட்டி பிடித்தும், கணக்கப்பிள்ளை செல்லசாமி அரைப்பேர்தான் போட்டார். இனிமேல் என் பேரை இன்னொருத்தன் போடக் கூடாது என்று சொல்லிவிட்டு வெளியே வந்தவன், தெரிந்த ஆட்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு சரிவுகளில் மண் சரியாமல் கல் அடுக்குகிற வேலையைத் தனியாக எடுத்தான். குடியிருந்த லயத்துக் காம்பரா அவன் மனைவி பேச்சியம்மாவின் பேரில் நின்றது. அவள் இன்னும் கொழுந்து எடுக்கிறாள். பேரில்லாத மனுசன் என்று லயத்தில் அவனைக் கேலி செய்வார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான்.

3

கணக்கு வைப்பதில் அவனைக் குறை சொல்ல முடியாது. வேலை முடிந்ததும் ஆட்களை வரிசையாக நிறுத்துவான். "மூக்கன்" என்பான். மூக்கன் "இருக்கேங்க" என்பான். ஒரு கோடு. "அழகன்." "இருக்கேங்க." ஒரு கோடு. மாதக் கடைசியில் அதைப் பார்த்துப் பில் எழுதி ஆபீசில் கொடுப்பான். பணம் வந்ததும் ஆட்களுக்குக் கொடுத்தது போக மிஞ்சினால் வீட்டுக்கு. மிஞ்சாவிட்டால் பேச்சியம்மாவின் சம்பளம் இருக்கவே இருக்கிறது. இப்படியே இரண்டு வருஷம் ஓடியது.

அப்புறம் ஆபீசுக்குப் புதிய பெரிய கிளாக்கர் வந்தார்.* அவர் பழைய பில்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு அவனைக் கூப்பிட்டனுப்பினார். வேலை செய்த ஆட்கள் எல்லோருடைய பேரும் இருக்கிறது, கொந்தரப்புக்காரனுடைய பேர் ஒரு நாள்கூட இல்லையே என்று கேட்டார். கல்லைத் தூக்கியது யார், கட்டியது யார், நீ அங்கே இருந்தாயா இல்லையா? இருந்தால் எழுது. இல்லாவிட்டால் கொந்தரப்புக்காரன் இல்லாத வேலை தோட்டத்து வேலைதான். மிச்சக் கல்கட்டைச் செல்லசாமியின் ஆட்கள் கட்டுவார்கள், விருப்பமிருந்தால் நீயும் அவர்களோடு களத்துக்கு வரலாம். திங்கட்கிழமை இந்த மாதத்துத் திருத்திய பில் மேசைக்கு வர வேண்டும்.

[* பெரிய கிளாக்கரைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன். ஒரு பக்கம் வரை வந்தார், அதற்கு மேல் ஒத்துழைக்கவில்லை. நியாயம் அவர் பக்கம் இருந்தது, நான் என்ன செய்ய?]

பழனியாண்டி பில்லை வாங்கிக்கொண்டு வெளியே வந்தான். எழுதாவிட்டால் மறுபடி செல்லசாமி கூப்பிட, மறுபடி இவன் குரல் கொடுக்க வேண்டும்.

4

ஞாயிற்றுக்கிழமை காலை லயத்து வாசலில் உட்கார்ந்து பில்லைத் திருப்பி எழுதினான். மூக்கனுக்கு எழுதினான், அழகனுக்கு எழுதினான். தன் வரிசை வந்ததும் பென்சில் நின்றுவிட்டது.

(இந்த இடத்தில் எனக்கே சந்தேகம் வந்தது. எழுதத் தெரிந்த ஒருவன் தன் பெயரை எழுத இவ்வளவு தவிப்பானா? பாத்திரம் பொய்யோ என்று கதையை மூடி வைத்தேன். அவன்தான் காரணம் சொன்னான்.)

"ஒருத்தர் கூப்பிடணும், ஒருத்தன் இருக்கேன்னு சொல்லணும். அப்பதானே, புள்ள, பேரு?" என்றான் பேச்சியம்மாவிடம். "நானே கூப்பிட்டு, நானே இருக்கேன்னு சொல்லி, நானே எழுதிக்கிட்டா அது களவு."

அவள் அரிசி புடைப்பதை நிறுத்தினாள்.

"செய்யாத வேலைக்கு எழுதினா களவு. செஞ்ச வேலைக்கு எழுதாம விட்டா அதுவும் களவுதாங்க. ரெண்டு வருசமா என் ஒலைப் பானையிலயிருந்துதான் எடுத்திருக்கீங்க."

அவன் வெட்கித் தலை குனிந்தான். ஆனாலும் கை ஓடவில்லை.

இங்கே கதைக்கு மூன்று வழி இருந்தது. மூக்கன் வந்து பெயரைக் கூப்பிடலாம். ஆனால் கூலி கொடுக்கிறவரைப் பெயர் சொல்லி அழைப்பதை விட அவன் தண்ணீர் ஓடுகிற கானில் விழுந்து படுத்துக்கொள்வான். பெரிய கிளாக்கரே இரங்கி எழுதிக்கொள்ளலாம். அதற்கு நான் சம்மதிக்கவில்லை, அப்படியானால் இன்னொருத்தர்தானே பேர் போட்டார்?

மூன்றாவது வழியை நினைக்கக்கூட எனக்குத் துணிச்சல் இல்லை. கழுத்தில் தாலி ஏறிய நாளிலிருந்து பேச்சியம்மா அந்தப் பெயரை உச்சரித்ததில்லை. பழனிக்குப் போய்வந்தவர்கள் திருநீறு கொடுத்தால், "அந்த மலைத் துன்னூறு" என்று வாங்கிப் பூசுவாள். வீட்டுக்காரர் பெயர் என்ன என்று யாராவது கேட்டால், "மொட்டச் சாமி இருக்காருல்ல, அவரு" என்று தலையைத் தடவிக் காட்டுவாள். ஒருமுறை ஆஸ்பத்திரியில் துண்டுச் சீட்டு எழுதுகிறவர் கோபித்துக்கொண்டு மொட்டையன் என்றே எழுதிவிட்டார்.

அவளோ என்னிடம் கேட்கவில்லை. சுளகை வைத்துவிட்டு எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, களத்தில் கணக்கப்பிள்ளை நிற்பது போல அவன் எதிரில் வந்து நின்றாள்.

"பழனியாண்டி."

அடுத்த காம்பராவில் யாரோ பாத்திரம் தேய்ப்பது நின்றது. பழனியாண்டி தன்னை அறியாமல் எழுந்து நின்றான்.

"இருக்கேங்க."

பெண்டாட்டிக்குப் போட்ட அந்த 'ங்க'வைக் கேட்டதும் முதலில் சிரித்தது அவள்தான். பிறகு அவனும் சிரித்தான். சிரிக்கச் சிரிக்கக் கண் கலங்கியது. எவ்வளவு நாளாகச் சுமந்தோம் என்று தெரியாத ஒன்று நெஞ்சிலிருந்து இறங்கியது.

"எழுதுங்க" என்றாள். "அடுத்த தேதி."

ஒவ்வொரு தேதிக்கும் அவள் கூப்பிட்டாள். ஒவ்வொரு தேதிக்கும் அவன் இருந்தான்.

5

திங்கட்கிழமை பெரிய கிளாக்கர் பில்லை வாங்கிப் பார்த்தார், தலையசைத்தார், கையெழுத்துக்குப் போகிற கட்டோடு சேர்த்து வைத்தார். கல்கட்டு அவனுடையதாகவே இருந்தது. இதை எழுதியதும் நானும் ஒரு பெருமூச்சு விட்டேன். உண்மையைச் சொன்னால், வேறு விதமாக முடிந்துவிடுமோ என்று பயந்துகொண்டேதான் இவ்வளவு தூரம் வந்தேன்.

ஆனால் கதையை முடிக்க என்னால் ஆகவில்லை. அவள் அந்தப் பெயரை எந்தக் குரலில் கூப்பிட்டாள்? அதட்டலாக என்று எழுதினேன், அடித்தேன். தயங்கித் தயங்கி என்று எழுதினேன், அடித்தேன். ஆசையாக என்று எழுதிவிட்டு எனக்கே கூச்சமாகப் போய் அதையும் அடித்தேன். இரண்டு பிள்ளை பெற்றும் சொல்லாத பெயரை ஒருத்தி முதல்முறையாகச் சொல்கிற குரலுக்கு என்னிடம் சொல் இல்லை.

அதனால் அந்த இடத்தில் பெயரை மட்டும் விட்டிருக்கிறேன். நீங்கள் வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். எப்படிக் கூப்பிட்டாலும் சரி, அவன் எழுந்து நிற்க வேண்டும்.