வெந்நீர் டப்

ரோடு ரோலர் ஓட்டுகிறவர் நின்றுகொண்டேதான் சாப்பிடுவார். சைட் ஆட்கள் ஆறு பேர் தங்கியிருந்த அறையில் மற்றவர்கள் தரையில் வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தன் தட்டில் ஒருத்தன் கைவைத்துத் தின்றுகொண்டிருப்பார்கள். இவர் மட்டும் தட்டை ஏந்திக்கொண்டு ஜன்னலோரம் போய், தெருவைப் பார்த்து மென்றுகொண்டிருப்பார்.

“அண்ணன் நம்மகூட உக்காந்தா அந்தஸ்து கொறஞ்சிடும்,” என்பான் பெயிண்டர்.

“பெரிய வண்டி ஓட்டுறவருப்பா, ஒசரத்துலதான் இருப்பாரு.” இது வெல்டர்.

அவரும் சிரித்து வைப்பார். வேறு என்ன செய்வது? மூலம் என்று சொல்லவா? சொன்னால் விடிவதற்குள் சைட் முழுக்க மானம் கப்பலேறிவிடும்.

அந்த ரோலர் சீட்டில் உட்கார்ந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும். கீழே இன்ஜின் கொதிக்கும், முன்னால் தார் கொதிக்கும். உருளையின் அதிர்வு முழுக்க இரும்புச் சீட் வழியாக ஏறி ஒரே இடத்தில் வந்து சேரும். தார் ஆறுவதற்குள் ஓட்டி முடிக்கணும், நடுவில் இறங்க வழியில்லை. இறங்கினாலும் போடுகிற ரோட்டில் கக்கூஸ் ஏது? அதனால் தண்ணீரே குடிக்காமல் பழகிக்கொண்டார். வயிறு கல்லாகிப் போச்சு. முக்கி முக்கி ஒருநாள் ரத்தத்தைப் பார்த்ததும் டாக்டரிடம் ஓடினார்.

டாக்டர், “ஆரம்பந்தான், பயப்படாதீங்க,” என்றார். தண்ணீர் நிறையக் குடிக்கணும், கீரையும் பழமும் தின்னணும், முக்கக்கூடாது. தாங்குகிற சூட்டில் வெந்நீர் வைத்து தினமும் கொஞ்ச நேரம் அதில் உட்காரணும். ரத்தம் நிற்காவிட்டால் திரும்ப வரணும். வீட்டோடு இருக்கிறவனுக்கு இதெல்லாம் லேசு. ஆறு பேருக்கு ஒரு குளியலறை என்றால்?

அகலமான நீல டப் ஒன்று வாங்கி, சாக்கில் மறைத்துக் கொண்டுவந்தார். துணி ஊறவைக்கப் போவதாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொள்வார். வெந்நீரில் இறங்கியதும் உயிர் போய் உயிர் வரும். பெண்டாட்டியிடம்கூட போனில் சொல்லாத வலி கொஞ்சம் கொஞ்சமாக இளகும். அதற்குள் கதவு இடிபடும்.

“என்னண்ணே, துணி தொவைக்கிறீங்களா, நெய்யுறீங்களா?”

அவசரமாக எழுந்து, டப்பை சோப்புப் போட்டுத் தேய்த்து, கட்டிலுக்கடியில் தள்ளி அழுக்குத்துணியைப் போட்டு மூடிவிடுவார்.

ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்தால், கறி வாசனை படியிலேயே வந்து மூக்கைப் பிடித்து இழுக்கிறது. பெயிண்டருக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறதாம். அவனே சமைத்திருக்கிறான், வாயெல்லாம் பல்.

அடுப்படியில் நீல டப் கவிழ்ந்து கிடந்தது.

“பாத்திரம் பத்தலண்ணே. உங்க டப்புலதான் கோழியக் கழுவி, மசாலா தடவி ஊறப்போட்டேன். நல்லா அகலமா இருந்துச்சு.”

அவர் டப்பையும் சட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். தினமும் தேய்த்துக் கழுவின டப்புதானே? கறியும் நெருப்பில் கொதித்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் காதும் காதும் வைத்த மாதிரி முடிந்துவிடும்.

தட்டுகள் வட்டமாக விரிந்தன. பெயிண்டர் தன் பக்கத்தில் ஒரு தட்டு வைத்து, தரையைத் தட்டினான்.

“நீங்க இப்ப பெரியப்பா. இன்னிக்காவது கூட உக்காருங்கண்ணே.”

அண்ணே என்பது எல்லாரையும் கூப்பிடுகிறதுதான்; அந்த அறையில் அவரை யாரும் இப்படிச் சொந்தமாக்கிக்கொண்டதில்லை. அவர் நின்றபடியே நின்றார். வெல்டர் அதற்குள் ஒரு துண்டை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனான்.

“தின்னாதடா!”

போட்ட சத்தத்தில் அவருக்கே தூக்கிவாரிப்போட்டது. எல்லாரும் அவரையே பார்த்தார்கள். சுவரைப் பார்த்துச் சொன்னார்: “எனக்கு மூலம். அந்த டப்புலதான் தெனம் உக்காருறேன்.”

“உக்காருறதுன்னா?”

“வெந்நி ஊத்தி. துணி ஒண்ணுமில்லாம.”

வெல்டர் துண்டை மெல்லத் தட்டில் வைத்தான். கையை மோந்து பார்த்தான். எவனோ களுக்கென்று சிரித்து, உடனே அடக்கினான். பெயிண்டருக்கு முகம் தொங்கிவிட்டது. தட்டுகளில் இருந்ததையும் சட்டியில் வழித்துப் போட்டு, தூக்கிப்போய்க் குப்பையில் கொட்டிவிட்டு வந்தான்.

“மொதல்லயே வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன? தலைக்கனம் புடிச்ச ஆளுன்னுல்ல நெனச்சோம்.”

அது கோபமா வருத்தமா என்று அவருக்குப் பிடிபடவில்லை. எல்லாரும் கடைக்குச் சாப்பிடக் கிளம்பினார்கள். வர்றீங்களா என்று ஒருத்தனும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கடை பெஞ்சில் எப்படி உட்காருவார்?

கடைசியாகச் செருப்பை மாட்டின பிளம்பர் அண்ணன், அறையிலேயே வயசில் மூத்தவர், வாசலில் நின்றார். “தாழ் போடாதய்யா. சுடுதண்ணில தலை சுத்தி விழுந்தா எவன் கதவ ஒடைக்கிறது?”

சிரிப்புச் சத்தம் படியில் இறங்கிப் போச்சு. வெல்டர் குரல்தான் உசத்தி.

டப்பை மூன்று தரம் கழுவினார். மசாலா நெடி போகவில்லை. மிளகாய் ஒட்டியிருந்தால் தொலைந்தோம் என்று இன்னொரு தரமும் தேய்த்து, தண்ணீரைக் காயவைத்து ஊற்றி, மெதுவாக இறங்கினார். எரியவில்லை. கதவைச் சாத்தவுமில்லை, இடிக்க ஆள் இல்லை.

அங்கிருந்து அறை முழுக்கத் தெரிந்தது. காலித் தட்டுகள் வட்டமாக அப்படியே கிடந்தன. எழுந்து அவற்றைக் கழுவி வைக்கணும். கொஞ்ச நேரம் போகட்டும்.