நடுப்பகுதியில் பாடும் நால்வர்

இசைக்குடும்பம் ஒன்றின் சின்னவர் இறந்த மறுவருடம், அதன் ஆண்டுக் கச்சேரியில், மேடையில் ஒருவரும் வாய் திறக்காதபோது நான்கு ஆண்குரல்கள் பாடின. அன்று அரங்கில் மழைக்கு ஒதுங்கியவர்களையும் சேர்த்தே அரைக்கூட்டம்தான்.

அந்த வீட்டு மூதாதை ஒருவர், ஆண்கள் பொய்முடி தரித்துத் திரிந்த காலத்தில், வயலின் கன்செர்ட்டோ என்ற மூன்று பகுதி இசைக்கோவை ஒன்று எழுதியிருந்தார். முதல் பகுதி வேகம். மூன்றாவது அதைவிட வேகம். நடுப்பகுதிக்கு மட்டும் இரண்டே ஸ்வரக்கூட்டுகள். இடைவெளியை வாசிப்பவரே கற்பனையால் நிரப்ப வேண்டும் என்பது அக்கால வழக்கம் என்று இசை படித்தவர்கள் எத்தனையோ முறை எடுத்துச் சொன்னார்கள். மூதாதை எழுதாததை நாம் வாசிப்பதா என்று குடும்பம் காதில் வாங்கவில்லை. முதல் கூட்டை வாசித்துவிட்டு, வில்லை உயர்த்தியபடி ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்து, வெகுநேரம் கழித்தே இரண்டாவதை வாசிப்பார்கள். அந்த மௌனமே அவர்களுடைய கௌரவம். இளவயதில் சின்னவர் அந்த மௌனத்தின் நடுவே லேசாகப் பாட்டு முனகினார் என்பதற்காக, அண்ணனான பெரியவர் அன்றே அவரை வீட்டை விட்டு அனுப்பினார். சின்னவர் இன்னும் மூவரைச் சேர்த்துக்கொண்டு, ஒரே நிறக் கோட்டு மாட்டி, விரல் சொடுக்கி, குரலின்மேல் குரல் அடுக்கிப் பாடும் குழு நடத்திப் பேர் வாங்கினார்; நால்வரில் கடைசியாகப் போனவரும் அவரே. முடிதிருத்தும் கடைகளிலெல்லாம் அவர்கள் பாட்டே ஓடியதால், பெரியவர் அதன்பின் வீட்டிலேயே முடி வெட்டிக்கொண்டார்.

கச்சேரி முடிந்ததும் செல்லோ வாசிக்கும் தங்கை பெரியவரிடம் கேட்டாள்: "கீழ்க்குரல் சின்னண்ணனோடதுதானே?"

"எனக்கு எதுவும் கேக்கல."

"கேக்காமலா உங்க கால் தாளம் போட்டுச்சு?"

"மரத்துப்போச்சு, உதறினேன். செத்தும் அடங்க மாட்டேங்கிறான் பாரு!"

பெரியவர் ஒலிபெருக்கிகளைப் பிரித்துப் பார்த்தார். அரங்கை மாற்றினார். ஒரு வருடம் முதல் கூட்டு முடிந்த கையோடு இரண்டாவதற்குச் சைகை காட்டினார். பாட்டு முடியும்வரை ஒரு வில்லும் தந்திக்கு இறங்கவில்லை, அவருடையதும்தான். வருடத்துக்கு வருடம் கூட்டம் பெருகியது. நால்வர் பாடி முடித்ததும் பாதிப்பேர் எழுந்து போனார்கள். மூன்றாம் பகுதியை, மூதாதை உயிரைக் கொடுத்து எழுதிய பகுதியை, அவர் காலி நாற்காலிகளுக்கு வாசித்துப் பல்லைக் கடித்தார்.

பிறகு ஒரு வருடம் யாரும் பாடவில்லை. பெரியவர் போராடிக் கேட்ட அதே மௌனம். அரங்கில் ஒருவர் இருமினார். தங்கை தலை நிமிரவில்லை. பெரியவர், உயர்த்திய வில்லோடு, பக்கத்தில் யாருமில்லாத இடத்தைப் பார்த்து, முன்வரிசைக்குக் கேட்கும்படியே சொன்னார்:

"டேய், எல்லாரும் காத்திருக்காங்க. ஆரம்பிச்சுத் தொலைடா."

யாரோ தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. நால்வரும் பாடினார்கள்.

அதிலிருந்து ஒவ்வொரு வருடமும் பெரியவர் தலையசைத்த பிறகே குரல்கள் எழும்பின. கீழ்க்குரல் சற்றுப் பிந்தினால் அவர் காற்றைப் பார்த்து முறைப்பார். அடுத்த அடியிலேயே அது சரியாகிவிடும்.